புழுதி படாத கார்

வாழைக்காய் வியாபாரி மாசிலாமணி ஷோரூமுக்கு வண்டி வாங்க வந்ததும் குட்டி லாரிக்கு வாயெல்லாம் பல். "என்னைத்தான் எடுப்பார். தார் ஏத்தணுமே!"

"அவர் கண்ணு என் மேல இருக்கு," என்றது சிவப்புக் கார். "காத்தாப் பறக்கப்போறோம்."

சொன்னபடியே எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு அது கிளம்பிப் போனது. லாரிக்கு முகம் தொங்கிப்போயிற்று. பிறகு வாடகை வண்டி ஓட்டும் ஒருவர் அதை வாங்கினார்.

ஆடியில் மாசிலாமணி குடும்பம் குலதெய்வம் கோயிலுக்குப் போக அந்த லாரியையே கூப்பிட்டது. வாசலில் கார் உறை மூடி நின்றது.

"நீ வரலையா, தம்பி?" என்று கேட்டது லாரி.

"புழுதி படுமாம், அண்ணே. சீட்டு பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கலை."

லாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆட்டையும் பொங்கல் பானையையும் வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பறந்தது. அந்தக் காற்றில் உறையின் ஓரம் கொஞ்சம் மேலே எழ, கார் ஆசையாக எட்டிப் பார்த்தது.