பின்னால் இருக்கும் சுவர்

"ஒரு சர்டிஃபிகேட் வேணும் டாக்டர். என் பொண்ணுக்கு இருக்கறது வியாதின்னு எழுதிக் கொடுங்க. அந்த டீச்சரை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்!"

நாற்காலியில் அமருமுன்பே தாய் பொரிந்து தள்ளினாள். அருகே நின்ற எட்டு வயது மகளின் இடது தோள் வெடுக்கென்று உயர்ந்து இறங்கியது.

"டீச்சர் என்ன செஞ்சாங்க?" குழந்தை மருத்துவர் நிதானமாகக் கேட்டார்.

"முதல் பெஞ்சுல இருந்தவளைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளிட்டாங்க. இவ என்ன தொத்து வியாதிக்காரியா? இங்கேருந்து நேரா ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டதான்... ஏய், குலுக்காதே! சொல்லிட்டே இருக்கேன்ல?"

மருத்துவர் சிறுமியை நடக்கச் சொன்னார். கைகளை நீட்டச் சொன்னார். முழங்காலில் தட்டிப் பார்த்தார்.

"எப்போ ஆரம்பிச்சது?"

"நாலு மாசம் இருக்கும். முதல்ல கண்ணைச் சிமிட்டினா. அது நின்னு, தோளைப் பிடிச்சுக்கிச்சு."

"தூங்கும்போது?"

"வர்றதில்லை."

"அடக்கச் சொன்னா?"

"கொஞ்ச நேரம் அடக்குவா. அப்புறம் ரெட்டிப்பா வரும். வேணும்னே பண்றா டாக்டர்!"

"நீங்க தும்மலை எவ்வளவு நேரம் அடக்குவீங்க? அது மாதிரிதான் இதுவும். 'டிக்'னு சொல்லுவோம். சோதிச்சதுல மத்ததெல்லாம் நல்லா இருக்கு. இந்த வயசுப் பிள்ளைங்க நிறைய பேருக்கு வரும். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள்ள தானாப் போயிடும். நீடிச்சா அப்போ பார்த்துக்கலாம்."

"மருந்து?"

"இப்போதைக்குத் தேவையில்லை. யாரும் உத்துப் பார்க்கக் கூடாது, சொல்லிக் காட்டக் கூடாது. அதுதான் மருந்து."

"அப்படிச் சொல்லுங்க! இதையே அந்த டீச்சருக்கு உறைக்கற மாதிரி எழுதிக் கொடுங்க. நாளைக்கே இவ முதல் பெஞ்சுல உட்காரணும்!"

"ஐயோ, வேண்டாம்மா!" மகள் பதறினாள்.

"ஏன்டி? டீச்சர் மிரட்டி வச்சிருக்காங்களா?"

"இல்லைம்மா. முதல் பெஞ்சுல என் தோள் குலுங்கினா, பின்னாடி எல்லாரும் சிரிப்பாங்க. அதான் டீச்சர் இடம் மாத்தினாங்க. இப்போ எனக்குப் பின்னாடி சுவருதான் இருக்கு. கிளாஸ்ல இப்பல்லாம் வர்றதே இல்லை. வீட்டுலதான்..."

சொல்லி முடிக்குமுன் தோள் குலுங்கியது.

நாக்கின் நுனிவரை வந்த 'குலுக்காதே'யை விழுங்கிவிட்டு, தாய் முதன்முறையாக மகளின் தோளிலிருந்து பார்வையை எடுத்து எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.