வலிக்காத வெள்ளை

காலை ஆறரை மணி. மானாம்பதி ஏரிக்குக் கீழ் வரப்பில் நடவுக்கு ஒன்பது பெண்கள். பத்தாவதாக வந்த தேவகியை மட்டும் மலர்க்கொடி சேற்றில் இறங்க விடவில்லை.

நடவுக்கு ஆள் சேர்ப்பவள் மலர்க்கொடிதான். வயலில் இறங்குமுன் அவளுடைய புகையிலை டப்பா கைமாறும். ஒரு சிட்டிகை கன்னத்தில் அடக்கிக்கொண்டால் மதியம்வரை பசி தெரியாது.

முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் பல் முகாம். தேவகியின் கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு, புகையிலையை விடாவிட்டால் புற்றாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வரப்பில் அதைச் சொல்லி டப்பாவை வேண்டாமென்றதும் சிரிப்பு.

“எனக்குங்கூடத்தான் வெள்ளையா கீது. வலிக்குதா? வலிக்காதது இன்னாடி நோவு?” என்றாள் செங்கேணி.

மலர்க்கொடி சிரிக்கவில்லை. “நீ வூட்டுக்குப் போ. வேற ஆளு சொல்லிட்டேன்.”

தேவகிக்குப் புருஷன் இல்லை. ரெண்டு பிள்ளைகள். நடவை விட்டால் வேறு வேலை தெரியாது.

“இன்னாக்கா, போயிலை வேணாம்னதுக்கா? சரி, குடு, போட்டுக்கறேன்.” கையை நீட்டினாள்.

மலர்க்கொடி டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டாள். “ஒருக்கா வேணாம்னவளுக்கு என் கையால குடுக்க மாட்டேன். போடி!”

“நீ நாசமாப் போவ!” மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள் தேவகி.

உத்திரமேரூர் ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள். அங்கே டப்பா நீட்ட யாரும் இல்லை. புகையிலை இல்லாமல் முதல் மாதம் தலை இடித்தது. ஆடியில் டாக்டர் பார்த்தபோது திட்டு பாதியாகச் சுருங்கியிருந்தது.

ஐப்பசியில் மலர்க்கொடியின் புருஷன் தாமோதரன் தூக்குவாளியோடு ஓட்டலுக்கு வந்தான். “கொஞ்சம் வடிச்ச கஞ்சி கெடைக்குமா?”

“யாருக்கு மாமா?”

“உங்க அக்காவுக்குத்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரோம். வாயைத் தெறக்க முடியல. புத்து. போன வருசமே டாக்டரு சொல்லிட்டாரு.”

தேவகி கஞ்சியை ஆற்றி ஊற்றினாள். “தெரிஞ்சுக்கினேவா போட்டுக்கினு இருந்தாங்க?”

“எல்லாரும் போடறப்போ ஒருத்தியா வுட முடியலம்மா. உன்ன வெரட்டின அன்னிக்கு வூட்ல வந்து அழுதா. ‘எங்க கூட குந்தினா இவளும் வுட மாட்டா, நான் வுட்டேனா’ன்னா.”

மலர்க்கொடி 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை இறந்தாள்.