கூவை மாவு கேக்

“மாமி, நேத்து அஜிதாவுக்கு என்ன குடுத்தீங்க?”

ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல் கத்தினேன். மாமியார் செல்லபாய், எங்கள் வீட்டில் கிடந்த பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டு, கரமனையிலிருந்து பஸ் பிடித்து அப்போதுதான் வந்திருந்தார்.

உள்ளே என் நான்கு வயது மகள் அஜிதா சுருண்டு கிடந்தாள். கையில் டிரிப்ஸ்.

அவள் குடலுக்குக் கோதுமை விஷம். அரிசி உட்பட எந்தத் தானியமும் இப்போதைக்குத் தரக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே பிஸ்கட், ரஸ்க், ரவை எல்லாவற்றையும் அள்ளிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். நாங்களும் மரச்சீனிக் கிழங்கும் மீனும்தான். அவளுக்குக் கூவைக்கிழங்கு மாவில் கஞ்சி. மூன்று மாதத்தில் ஒரு கிலோ ஏறியிருந்தாள்.

நேற்று அவள் பிறந்தநாள். கேக் வேண்டும் என்று ஒரே அழுகை. கூவை மாவு, முந்திரிப் பொடி, நாலு முட்டை. இப்படியொரு கேக்கை நான் செய்ததே இல்லை. பரணிலிருந்து ஓவனும் கேக் சாமானும் கிடந்த பெட்டியை இறக்கி, கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லித் தந்தது மாறாமல் டின்னில் வெண்ணெய் தடவி, தூவி, தட்டி, கலவையை ஊற்றினேன்.

“கோதம்பு இல்லாம கேக்கா? இனி மீன் இல்லாம மீன்குழம்பும் வைப்பா,” என்று மாமி சிரித்தார்.

கேக் நடுவில் குழி விழுந்து, வெடித்துப் போய் வந்தது. அஜிதா இரண்டு துண்டு தின்றாள். விடிவதற்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு.

“தானியம் ஒண்ணும் உள்ளே போகலைன்னா, கூவையும் சேரலைன்னுதான் அர்த்தம்,” என்றார் டாக்டர். “அதையும் நிறுத்திட வேண்டியதுதான்.”

அதையும் நிறுத்தினால் பிள்ளைக்குக் கொடுக்க என்னிடம் வேறு ஒன்றுமில்லை.

“சொல்லுங்க மாமி.”

மாமி என் முகத்தையே பார்த்தார். பிறகு டாக்டரின் அறைக் கதவைப் பார்த்தார்.

“ஒரு ரஸ்க் குடுத்தேன், மக்களே. பிள்ளை கேட்டுது.”

“நீங்க மனுஷிதானா?”

“ஏசுறத பொறவு ஏசு. முதல்ல டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு. கூவைய நிறுத்தாண்டாம்னு சொல்லு.”

என் கணவர் செல்வின் மறுநாள் தம்பானூர் ஸ்டாண்டில் மார்த்தாண்டம் பஸ்ஸில் அம்மாவை ஏற்றிவிட்டு வந்தார், தன் தம்பி வீட்டுக்கு. “இனி பிள்ளை பக்கம் வராதீங்கன்னு சொல்லிட்டேன்,” என்றார்.

நான் தடுக்கவில்லை.

ஐந்து மாதமாயிற்று. அவர் அம்மாவோடு பேசுவதே இல்லை. இன்று அஜிதா மறுபடியும் கேக் கேட்டாள். ஓவன் பெட்டியை இறக்கினேன். டின்னில் வெண்ணெய் தடவியதும் கை தானாகவே பெட்டிக்குள் போயிற்று. மூடியில் ஓட்டை போட்ட சின்ன டப்பா. டின்னில் தூவுவதற்கென்றே வைத்திருப்பது.

கழுவித் துடைத்து, காலியாக இருந்தது.

அதில் என்ன இருந்தது என்று அப்போதுதான் நினைவு வந்தது. கிறிஸ்துமஸ் கேக்குக்காக நானே நிரப்பியது. மைதா. அதுவும் கோதுமைதானே.

மார்த்தாண்டத்துக்குப் போன் செய்தேன். மாமிதான் எடுத்தார்.

“மாமி, அந்தத் தூவுற டப்பா…”

“அன்னைக்குப் பாத்திரம் கழுவும்போது கண்டேன். நாக்குல வச்சுப் பார்த்தேன்.”

“அப்போ அந்த ரஸ்க்?”

“நம்ம வீட்ல ஏது மக்களே ரஸ்க்? நீதான் எல்லாத்தையும் குடுத்துட்டியே.”

“ஏன் மாமி அன்னைக்கே சொல்லல?”

“உன் கையாலதான்னு தெரிஞ்சா, பொறவு நீ பிள்ளைக்கு ஒரு வாய் குடுக்கவும் பயப்படுவ. அதான்… அஜிதா என்னைக் கேட்பாளா?”

தினமும் கேட்கிறாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

செல்வின் வந்து கதவருகே நின்றார்.

“போன்ல யாரு?”

ரிசீவரை வைத்தேன்.

“ராங் நம்பர்,” என்றேன்.