மாஸ்டர் வாங்கிய மார்க்

"பயப்படாதீங்க சார், ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்று காரை முந்திப் போன சைக்கிள்காரர் ஆறுதல் சொன்னார்.

உள்ளே இருந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லித் தந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் அவர்.

எல்லாம் இன்ஷூரன்ஸ் படுத்தும் பாடு. போனில் ஓர் ஆப் இருக்குமாம். அந்தப் போன் எந்தக் காரில் போனாலும் ஓட்டுகிற லட்சணத்தைக் கவனித்து, மாதக் கடைசியில் மார்க் போடுமாம். நல்ல மார்க் வாங்கினால் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி.

"எனக்கே மார்க்கா?" என்று மாஸ்டர் சிரித்தார். "நூத்துக்கு நூறு வாங்கலைன்னா ஸ்கூல் போர்டையே கழட்டிடறேன்!"

கார் மனைவி பெயரில் இருந்தது. "இந்த ஆப்பு கீப்பெல்லாம் நீயே பார்த்துக்க" என்று அவளிடம் தள்ளிவிட்டார்.

அவளுக்கும் ஒரு காலத்தில் கார் சொல்லித்தரப் பார்த்தவர்தான். இவர் போட்ட சத்தத்தில் அவள் முதல் திருப்பத்திலேயே இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். "உனக்கெல்லாம் இந்த ஜென்மத்துல வராது" என்று அதோடு முடித்துவிட்டார்.

மாதம் முழுக்க மாஸ்டர் ரோட்டுக்கு வலிக்குமோ என்று ஓட்டினார். சட்டைப்பையில் இருந்த போனை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி மாதிரி பயபக்தியோடு அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த தெருவில் போட்டிக்கு டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர்கூட, "வண்டியில ஏதாவது கோளாறா மாஸ்டர்?" என்று அக்கறையாகக் கேட்டார். அந்த அக்கறைதான் மாஸ்டருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

மாதக் கடைசியில் ஏஜெண்ட் வீட்டுக்கு வந்தார். சோபா நுனியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"இருபத்தாறு, சார்."

"தள்ளுபடியா?"

"மார்க். குலுக்கிக் குலுக்கிக் கிளம்புறீங்களாம். நடுரோட்டுல டக்குனு நிக்கிறீங்களாம். பிரீமியம் ஏறும் சார். 'இவருக்கு யாருய்யா லைசென்ஸ் குடுத்தது'ன்னு எங்க மேனேஜர் கேக்கறார்."

மாஸ்டருக்கு முகம் செத்துப்போனது. இத்தனை வருஷமும் இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோமா? சொன்னால் சங்கடப்படுவேன் என்று ஊரே வாயை மூடிக்கொண்டிருந்ததா? தன்னிடம் படித்தவர்கள் ஒவ்வொருவராக, குலுங்கிக் குலுங்கி, கண் முன்னால் வந்து போனார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது.

ஏஜெண்டை அனுப்பிவிட்டு ஸ்குரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தார்.

"என்ன தேடறீங்க?" என்றாள் மனைவி.

"போர்டைக் கழட்டணும். ஓட்டத் தெரியாதவன் ஊருக்குச் சொல்லித் தரக் கூடாது." அவர் குரல் உடைந்தது.

அவளுக்குப் பாவமாகிவிட்டது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"கழட்டாதீங்க. அந்த ஆப் உங்க போன்ல இல்ல, என் போன்ல இருக்கு. அது என் மார்க்கு."

"உனக்குத்தான் ஓட்டவே தெரியாதே?"

"அடுத்த தெரு ஸ்கூல்ல சேர்ந்திருக்கேங்க!"