பவர் சப்ளை தாங்குமா?

உப்பள முதலாளி அய்யாக்குட்டி, மகனுடைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் தேர் போல ஏற்றி லிங்கராஜ் கடைக்குக் கொண்டுவந்தார்.

“ஜெயகணேஷ் வீட்டுல இருந்தே அமெரிக்கா கம்பெனிக்கு வேலை பாக்கான். ஞாயித்துக்கெழமை ஆத்தூர்ல இருந்து பொண்ணு வீட்டுக்காரங்க வாராங்க. பாத்ததும் அசந்துரணும். பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு, கலர் லைட்டு வச்ச ஃபேன் ஆறு மாட்டிரு. பவர் சப்ளை தாங்கும்லா?”

லிங்கராஜின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் ஒரு கணம் நின்றது. பிறகு மூடியைக் கழற்றிப் பார்த்தான்.

“நானூத்தம்பது வாட்தான் அண்ணாச்சி. லைட்டும் ஃபேனும் தாங்கும். அந்தக் கார்டப் போட்டா உயிர விட்டுரும். பவர் சப்ளையையும் பெருசா மாத்தணும்.”

“அது எதுக்குடே வெட்டியா? செத்துப்போன கார்டு ஏதாச்சும் கெடந்தா மாட்டு. கண்ணாடி வழியா தெரிஞ்சாப் போதும்.”

“பொறவு தம்பி அதுல எப்படி வேலை பாக்கும்?”

அய்யாக்குட்டி குரலைத் தாழ்த்தினார்.

“அவனுக்கு வேலை போயி நாலு மாசமாச்சு. வெளிய சொல்லிராத. பொண்ணு பெங்களூர்ல ஐடியில கை நெறைய சம்பாதிக்கா. தாலி ஏறிட்டா அவ சம்பளத்துல வண்டி ஓடிரும்.”

ஆட்டோ தெருமுனை திரும்பியதும் லிங்கராஜ் ஆத்தூரில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டான்.

“அக்கா, உம் மக பானுப்ரியாவுக்கு வேலை போனத மாப்பிள்ளை வீட்டுல எப்படிச் சொல்லன்னு தவிச்சியே, சொல்லவே வேண்டாம். ஞாயித்துக்கெழமை தைரியமா வாங்க. அவங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல மட்டும் ஒண்ணையும் ஓட்டிக் காட்டச் சொல்லிராதீங்க.”