உயிருள்ளவை, ஒரு கிராமுக்கு

இன்றைக்காவது ஒரு புள்ளி. ஒன்றே ஒன்று போதும்.

மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஆய்வக இன்குபேட்டரின் கதவைத் திறந்தாள்.

ஆறு தட்டுகள். ஒரு புள்ளிகூட முளைக்காமல் ஆறும் துடைத்துவைத்தாற்போல் இருந்தன.

அவற்றில் முளைத்திருக்க வேண்டியது, மடவை மீனின் குடலிலிருந்து அவள் பிரித்தெடுத்த நுண்ணுயிர். பொடியாக்கி இறால் குட்டையில் தூவினால் தானே பெருகி, நோய்க்கிருமிகளுக்கு இடம் விடாது.

ஏழு வருடங்களாக அவள்தான் வளர்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்து உணவு மாற்றிவைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை வேறெங்கும் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இந்த முறை தயாரித்த நானூறு பொட்டலங்களும் மூன்று நாள் வேனுக்குள் வெயிலில் கிடந்திருக்கின்றன. பொடிதானே என்று விட்டுவிட்டார்கள்.

மேலாளர் தேவப்பிரியம் சான்றிதழோடு உள்ளே வந்தார்.

"என்ன மேடம், உங்க பிள்ளைங்க இன்னும் எந்திரிக்கலயா?"

அலுவலகம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கும் கேலி. மற்ற நாளென்றால் அவளும் சிரித்துவைப்பாள்.

"செத்துப்போச்சு சார்."

"பொடி எப்படி மேடம் சாகும்?"

அவர் காகிதத்தை மேசைமேல் வைத்தார். 'உயிருள்ளவை, ஒரு கிராமுக்கு' என்பதற்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

"போன மாசத்து நம்பரையே போட்டுருங்க. வேம்பார்ல இருந்து அந்தம்மா வண்டியோட வந்து நிக்காங்க."

ஜன்னலுக்கு வெளியே, குட்டியானை வண்டியின் நிழலில், ஒரு பெண் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"மருந்து கெடச்சாச்சுல்லா. சாயங்காலமே தூவிருவோம். மிச்சமிருக்க இறாலாவது பொழைக்கட்டும்."

தேவப்பிரியம் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க சொன்னாத்தானே தெரியும் மேடம். யாரு தட்டத் தொறந்து பாக்கப் போறா? இல்லன்னா வேற ஆளு வந்து போடுவாங்க. ஒங்களுக்கு எதுக்கு வீண் வம்பு?"

அவர் சொன்னது உண்மைதான். அவை இறந்தது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

அவை உயிரோடிருந்ததும் அப்படித்தான்.

தட்டுகளை ஒவ்வொன்றாக மூடினாள். பேனாவுக்காகக் கை நீட்டினாள். அவர் முகம் தெளிந்தது.

கட்டத்தில் பூஜ்யம் போட்டாள்.

கீழே, வழக்கமான கிறுக்கலாக இல்லாமல், தன் முழுப்பெயரையும் எழுதினாள்.

"மேடம்..."

காகிதத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற வண்டியை நோக்கி நடந்தாள்.