வெட்டுக்கிளிப் பெட்டி

ஈரப்புல் வெட்டுக்கிளிகளுக்கு ஆகாது என்று கணவன் இளவழகன் சொல்லிவிட்டதால், அந்த மழைக்குளிரில், காய்ச்சலோடு உட்கார்ந்து ஒவ்வொரு புல்லாகத் துடைத்துக்கொண்டிருந்தாள் வாசுகி. வீட்டில் வளரும் பச்சோந்தி அவனுடையது. அதற்கு இரையாகும் வெட்டுக்கிளிகளை வளர்க்கும் வேலை மட்டும் எப்படியோ அவள் தலையில் விழுந்திருந்தது. சமையல் மேடையில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்திலேயே அவை முட்டையிட ஒரு மணல் டப்பா. குஞ்சு பொரித்த அன்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தவன் அவன்.

“உடம்பு கொதிக்குதுங்க.”

“ம்... இவன் ரெண்டு நாளா கறுத்துப் போயிருக்கான், பாத்தியா? மனசுல என்னமோ இருக்கு.” பச்சோந்தியின் கூண்டிலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துக் கூண்டுக்குள் நீட்டினாள். பச்சோந்தி அதைச் சீண்டவே இல்லை. அவள் விரலைப் பற்றி, மெல்ல மெல்லக் கையில் ஏறி, கழுத்தோரம் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடியது. கொஞ்ச நேரத்தில் அதன் கறுப்பு வெளுத்து, உடம்பெல்லாம் இளம்பச்சை படர்ந்தது.

“அசையாத! அப்படியே இரு! குளிர்தான் போலிருக்கு பாவம், எவ்வளவு சந்தோஷமா இருக்கான் பாரு!”

அப்போதுதான் முதல்முறையாக அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

“நாளைக்கும் இந்தச் சூடு இருக்கும்ல?”

வாசுகி அசையவில்லை. அவளுடைய இடது கை மட்டும் பின்னால் போய், வெட்டுக்கிளிப் பெட்டியின் மூடியைத் தேடித் திறந்தது.